குழாயும் பூசணமும்

தோட்டத்துச் செடிகளுக்கு நீர் பாய்ச்சும் வளைகுழாய்க்கு ஒரு வரலாறு உண்டு என்றால் மாணவர்களுள் சிலர் நகைக்கக்கூடும். அந்தக் குழாயின் உட்புறத்தே படரும் கரிய வழுவழுப்புக்கும் ஒரு வரலாறு உண்டு என்றால் அந்நகைப்பு இன்னும் பெரிதாகும். ஆயினும் இவ்விரண்டின் வரலாற்றையும் சேர்த்தே இன்று சொல்ல விரும்புகிறேன். குழாய் மனிதன் செய்த பொருள். பூசணமோ மனிதன் தோன்றுவதற்குப் பல கோடி ஆண்டுகளுக்கு முன்பே உலகில் குடியேறிவிட்ட உயிர். முன்னூற்றைம்பது ஆண்டுகளாக இவ்விரண்டுக்கும் இடையே ஒரு போர் நடந்து வருகிறது. அப்போரில் ஒரு காலத்தில் பெரிய நகரங்களே பணயமாக இருந்தன.

குழாய் என்று நான் இங்கே குறிப்பது சுவரில் பதித்த இரும்புக் குழாயையன்று. வேண்டியபடி வளைக்கவும், சுருட்டவும், தோளில் போட்டுக்கொண்டு நடக்கவும் தக்க குழாயையே குறிக்கிறேன். தோட்ட வேலை செய்வோர் அதனை 'ஓஸ்' என்பர். இக்குழாய் முதலில் தோட்டத்துக்காகத் தோன்றியதன்று. தீயை அணைப்பதற்காகத் தோன்றியது. உரோமப் பேரரசன் டிராஜனிடம் பணியாற்றிய அப்பல்லோடோரஸ் என்னும் கட்டடக் கலைஞர், உயரமான இடத்தில் பற்றிய தீயை அணைக்க ஓர் உபாயம் எழுதி வைத்தார். தோற்பையில் நீரை நிரப்பி, அதன் வாயில் மாட்டுக் குடலைக் குழாயாகப் பொருத்தி, பையை அழுத்தினால் நீர் மேலே ஏறும் என்பது அவ்வுபாயம். மாட்டுக் குடல் சில நாட்களிலேயே அழுகிப் போகும் பொருள். குழாய்க்கும் அழுகலுக்கும் உள்ள உறவு, பாருங்கள், தொடக்கத்திலேயே அமைந்துவிட்டது.

இனி நாம் ஆலந்து நாட்டின் ஆம்ஸ்டர்டாம் நகருக்குச் செல்வோம். 1652-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் அந்நகரின் பழைய நகர மன்றம் தீப்பற்றி எரிந்தது. அத்தீயைக் கண்டவர்களுள் யான் வான் டர் ஹைடன் என்னும் பதினைந்து வயதுச் சிறுவனும் ஒருவன். பின்னாளில் அவர் புகழ் பெற்ற ஓவியரானார். நகரத்து வீடுகளைச் செங்கல் செங்கலாக எண்ணிவிடலாம் என்னும்படி நுணுக்கமாகத் தீட்டுவதில் அவருக்கு நிகரானவர் அக்காலத்தில் மிகச் சிலரே. வீடுகளை அவ்வளவு கூர்ந்து நோக்கிய கண், அவை எரிவதையும் அவ்வாறே கூர்ந்து நோக்கியது என்று நான் எண்ணுவதுண்டு.

அக்காலத்துத் தீயணைக்கும் பொறி எத்தகையது? பெரியதொரு மரத்தொட்டி, அதன் நடுவே அடித்து இறைக்கும் பம்பு, பம்பின் தலையில் அசையாத ஒரு நீள்மூக்கு. மக்கள் கால்வாயிலிருந்து வரிசையாக நின்று தோல்வாளிகளைக் கைமாற்றித் தொட்டியை நிரப்புவர். பொறியைத் தீக்கு மிக அருகே கொண்டுபோய் நிறுத்தினாலன்றி நீர் எட்டாது. எட்டினாலும் வெளிச்சுவரை நனைக்குமேயன்றி, தீ வேர்கொண்டிருக்கும் உள்ளறையைச் சென்று சேராது. சுவர் சாய்ந்தால் பொறியும் அதனடியிற் புதைந்துபோகும்.

வான் டர் ஹைடன் தம் சகோதரர் நிக்கோலாசுடன் சேர்ந்து 1672-இல் இக்குறையை நீக்கினார். பதனிட்ட தோலை நீண்ட பட்டைகளாக வெட்டி, நெடுங்காலணியின் காற்பகுதியைத் தைப்பது போல விளிம்போடு விளிம்பு சேர்த்துத் தைத்து, குழாயாக்கினார். ஒவ்வொரு துண்டும் ஐம்பது அடி நீளம். முனைகளில் பித்தளைத் திருகு இணைப்புகள். எத்தனை துண்டு வேண்டுமோ அத்தனையும் ஒன்றோடொன்று திருகிச் சேர்த்துக்கொள்ளலாம். பொறி தெருவில் நிற்கும். குழாயைப் பிடித்தவன் படியேறி வீட்டினுள் சென்று தீயின் அடிவேரிலேயே நீரைப் பாய்ச்சுவான். மறு ஆண்டு நகரின் தீயணைப்புப் பொறுப்பே அவரிடம் ஒப்படைக்கப்பட்டது.

1690-இல் அவர் தம் மகனோடு சேர்ந்து இப்பொறிகளைப் பற்றிப் படங்கள் நிறைந்த ஒரு பெருநூலை வெளியிட்டார். பழைய பொறிகள் இருந்தபோது பத்துத் தீ விபத்துகளில் பத்து லட்சம் கில்டருக்கு மேல் இழப்பு நேர்ந்தது என்றும், புதியவை வந்தபின் ஐந்தாண்டுகளில் நிகழ்ந்த நாற்பது விபத்துகளில் இருபதாயிரம் கில்டருக்கும் குறைவாகவே இழப்பு நேர்ந்தது என்றும் அவர் கணக்குக் காட்டினார். கணக்கு எழுதியவர் பொறியை விற்பவருமாவார் என்பதை வரலாறு பயிலும் மாணவர் மறத்தலாகாது. ஆயினும் ஐரோப்பிய நகரங்கள் பலவும் அவ்வமைப்பை மேற்கொண்டன என்பதே அதன் பயனுக்குப் போதிய சான்று.

இங்கேதான் பூசணம் அரங்கினுள் நுழைகிறது. தோல் என்பது விலங்கின் உடல். அதில் புரதம் உண்டு; கொழுப்பு உண்டு. பதனிடுவதால் அழுகல் தாமதப்படுமேயன்றி அறவே நீங்காது. பூசணத்தின் சிதல்கள் கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்களாகக் காற்றில் எங்கும் மிதக்கின்றன. அவை முளைக்க வேண்டுவன இரண்டே: ஈரமும் உணவும். வெளிச்சம் வேண்டியதில்லை. மழைக்காலத்தில் மூலையில் கிடந்த செருப்பின்மேல் வெண்பஞ்சு போல ஏதோ பூத்திருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதுவே இது. கால்வாய் நீரைப் பாய்ச்சி முடித்த தோல் குழாயை ஈரத்தோடு சுருட்டி வைத்தால் அதன் உட்புறம் பூசணத்துக்கு இருளும் ஈரமும் உணவும் ஒருங்கே அமைந்த மாளிகையாகிவிடும். தோலைவிட விரைவாக நைந்து போவது அதனைத் தைத்த நூல். அது செடியின் நாராலானது. வெளியே தோல் முழுமையாகத் தோன்றும்; உள்ளே தையல் இற்றுப்போயிருக்கும். அடுத்த தீயின்போது பம்பை வேகமாக அடித்தவுடன் குழாய் மடார் என்று பிளக்கும்.

அப்படியானால் நன்றாக வெயிலில் உலர்த்திவிடலாமே என்று கேட்பீர்கள். தோல் முற்றிலும் உலர்ந்தால் விறைத்து வெடித்துப்போகும். ஆகவே ஒவ்வொரு தீக்குப் பின்னும் அதனைக் கழுவி, நீரை வடித்து, பதமாக உலரவிட்டு, கொழுப்போ எண்ணெயோ தேய்க்க வேண்டியிருந்தது. மாட்டுக் கொழுப்பும், மாட்டின் குளம்பெலும்பிலிருந்து எடுக்கும் எண்ணெயும், திமிங்கில எண்ணெயும் இதற்குப் பயன்பட்டன. ஆனால் கொழுப்பும் பூசணத்துக்கு உணவேயன்றோ! ஈரமாக வைத்தால் அழுகல், உலர வைத்தால் வெடிப்பு. மத்தளத்துக்கு இருபுறமும் இடி என்பது போலாயிற்று தோல் குழாயின் நிலை.

அடுத்த முன்னேற்றம் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் நிகழ்ந்தது. அந்நகரில் தீயணைப்பு, ஊதியம் பெறாத தொண்டர் குழுக்களின் கையில் இருந்தது. 1803-இல் குழாய் இழுத்துச் செல்வதற்கென்றே ஒரு குழு அமைந்தது. அதன் உறுப்பினர்களான செல்லர்சும் பென்னாக்கும் 1807-இல் தையலை அறவே ஒழித்து, தோலின் விளிம்புகளை ஒன்றன்மேல் ஒன்று படியவைத்துச் செம்பு ரிவிட்டு ஆணிகளால் இறுக்கினர். நூல் இல்லாமற் போகவே, இற்றுப்போவதற்குரிய இடமும் இல்லாமற் போயிற்று. முன்னினும் பன்மடங்கு அழுத்தத்தை அக்குழாய் தாங்கியது. ஆனால் ஐம்பது அடித் துண்டு ஒன்று எண்பது பவுண்டுக்கு மேல் கனத்தது. கழுவுதல், உலர்த்துதல், கொழுப்பிடுதல் ஆகிய தொல்லைகளும் அப்படியே இருந்தன.

கனத்தைக் குறைக்க மனிதர் துணியை நாடினர். ஜெர்மனியில் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே தையலில்லாத குழாயைத் தறியில் நெய்தனர். சணல் வகை நாரும், லினன் எனப்படும் ஆளிச்செடி நாரும் அதற்கு உதவின. துணியில் நீர் ஒழுகாதா என்று ஐயுறலாம். முதலில் ஒழுகும். பிறகு நார் நீரை உறிஞ்சிப் பருத்து, இழைகளின் இடைவெளியைத் தானே அடைத்துக்கொள்ளும். இது மிக அழகியதோர் உத்தி. காட்டுத் தீயை அணைப்போர் இருபதாம் நூற்றாண்டிலும் இத்தகைய குழாயை விரும்பினர். சிறிதே கசியும் ஈரத்தால் குழாய், கனலும் தரைமேல் கிடந்தாலும் எளிதில் கருகாது. பருத்தித் துணியின் உட்புறம் ரப்பரைப் பூசும் முறைக்கு 1821-இலேயே பாஸ்டனைச் சேர்ந்த ஜேம்ஸ் பாய்டு காப்புரிமை பெற்றார். ஆனால் பதப்படுத்தாத ரப்பர் கோடையில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். 1839-இல் சார்லஸ் குட்இயர் ரப்பரோடு கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கும் முறையைக் கண்டபின்னரே, 1844-இல் அவர் அதற்குக் காப்புரிமை பெற்ற பின்னரே, ரப்பர்க் குழாய் நம்பத்தக்கதாயிற்று. 1870-இல் மருத்துவரான பெஞ்சமின் பிராங்க்லின் குட்ரிச் ஒகையோ மாநிலத்தின் ஆக்ரன் ஊரில் ஒரு ரப்பர்த் தொழிற்சாலை தொடங்கினார். அதன் முதற்பொருள்களுள் ஒன்று தீயணைப்புக் குழாய். இத்தொழிற்சாலையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் மீண்டும் வரும்.

உள்ளே ரப்பர், வெளியே பருத்தி. நீர் ஒழுகவில்லை, கனமும் குறைவு. ஆனால் பூசணத்தின் பார்வையில் இது என்ன? தோலைக் கொடுத்து விருந்து வைத்தவர்கள் இப்போது பருத்தியைக் கொடுத்துப் பெருவிருந்து வைத்தார்கள் என்பதே. பருத்தி ஏறக்குறைய முழுவதும் செல்லுலோஸ் என்னும் பொருளால் ஆனது. காட்டில் விழுந்த மரங்களையும் சருகுகளையும் மட்கச் செய்வதே பூசண இனத்தின் தொன்மையான தொழில்; அத்தொழிலின் பொருட்டுச் செல்லுலோசைக் கரைக்கும் நொதியைப் பல வகைப் பூசணங்கள் சுரக்கின்றன. காட்டில் அது நமக்கு நன்மை. பருத்திக் குழாயில் அதுவே கேடு. குழாயின் உறைக்கும் ரப்பருக்கும் இடையே சிக்கிய ஈரம் எளிதில் வெளியேறாது. மேற்பார்வைக்குச் சில கரும்புள்ளிகளே தெரியும்.

இதற்கு அக்காலத்தார் கண்ட மருந்து ஒரு கோபுரம். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கட்டிய தீயணைப்பு நிலையங்களின் படங்களைப் பாருங்கள். பலவற்றின் ஒரு மூலையில், தேவாலயக் கோபுரமோ என ஐயுறுமாறு, ஒடுங்கி உயர்ந்த ஒரு கட்டடம் நிற்கும். தொலைவில் புகை எழுகிறதா என்று நோக்கவும் மணி அடிக்கவும் சிலவற்றை ஆண்டனர் என்பது உண்மையே. ஆனால் பெரும்பான்மையானவற்றின் உட்புறம் வெறும் கிணறு போன்றது. உச்சியில் கப்பிகள், கீழிருந்து மேலே இழுக்கும் கயிறுகள். தீயை அணைத்துத் திரும்பியவர்கள் குழாய்களைத் தரையில் விரித்துத் தேய்த்துக் கழுவி, அக்கயிற்றில் கட்டி, முழுநீளமும் தொங்கும்படி மேலே ஏற்றுவர். உள்ளிருக்கும் நீர் தன் எடையாலேயே வடிந்துவிடும். மேலும் கீழும் உள்ள திறப்புகள் வழியே காற்று ஓடி, உறையை உலர்த்தும். குளிர்நாடுகளில் அடியில் சூடு ஏற்றுவதும் உண்டு. அவை உலரும் வரையில் வண்டியில் வேறொரு தொகுதிக் குழாய்கள் இருந்தாக வேண்டும்; ஏனெனில் அடுத்த தீ நாளை என்று நாள் குறித்து வருவதில்லை.

தீயணைப்பு வீரர் என்றவுடன் ஏணியில் ஏறிக் குழந்தையைத் தோளில் சுமந்து இறங்குபவரே நம் மனக்கண்முன் நிற்பார். அவர் போற்றுதற்குரியவர்தான். எனினும் இரவெல்லாம் புகையில் உழைத்து, விடியற்காலையில் கண் எரிய நிலையத்துக்குத் திரும்பி, உறங்கச் செல்லாமல் குழாயைக் கழுவித் தொங்கவிட்டவரையும் வரலாறு பதிவு செய்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. எரியும் வீட்டின் உள்ளறையில் நிற்கும் ஒருவருக்கும் அவரது மரணத்துக்கும் இடையே இருப்பது அக்குழாயில் ஓடும் நீர் ஒன்றே. மூன்று வாரங்களுக்கு முன் யாரோ ஒருவர் சோம்பலால் ஈரத்தோடு சுருட்டி வைத்த துண்டு, அந்த நேரத்தில் பிளந்துவிட்டால் அவர் கதி என்ன? குழாய்களை ஆண்டுதோறும் உயர்ந்த அழுத்தத்தில் சோதித்துப் பார்க்கும் வழக்கம் இந்த அச்சத்தின் விளைவே.

பூசணத்தின் வலிமையை உலகம் பெரிய அளவில் உணர்ந்தது இரண்டாம் உலகப் போரில். தென் பசிபிக் தீவுகளில் இறங்கிய அமெரிக்கப் படையின் கூடாரங்களும் பைகளும் பட்டைகளும் வெகுவிரைவில் நைந்து கிழிந்தன. எதிரியின் குண்டு படாமலே கூடாரங்கள் வீழ்ந்தன எனலாம். படையின் பொருள் வழங்கு துறையினர் பூசண வகைகளைத் திரட்டி ஆராயத் தொடங்கினர். சாலமன் தீவுக் கூட்டத்தைச் சேர்ந்த பூகன்வில் தீவில், மட்கிய கித்தான் கூடாரம் ஒன்றிலிருந்து எடுத்த பூசணம் செல்லுலோசைக் கரைப்பதில் தனித்திறன் வாய்ந்ததாகக் காணப்பட்டது. அதனை ஆராய்ந்த எல்வின் ரீஸ் என்னும் அறிவியலாரின் பெயரையே பின்னாளில் அதற்குச் சூட்டினர். இன்று அது டிரைக்கோடெர்மா ரீசியை எனப்படுகிறது. வேடிக்கை என்னவெனில், கூடாரத்தைத் தின்ற அப்பூசணத்தையே இன்று தொழிற்சாலைகளில் வளர்த்து, அதன் நொதியைக் கொண்டு வைக்கோல் போன்றவற்றிலிருந்து சர்க்கரையும், அதிலிருந்து எரிசாராயமும் எடுக்கிறார்கள். அக்காலத்தில் கித்தானைக் காக்கச் செம்பு கலந்த இரசாயனங்களில் அதனைத் தோய்த்தனர். பிரான்சின் போர்தோ வட்டாரத்தில் திராட்சைக் கொடியைப் பற்றிய நோய்க்கு 1880-களிலேயே மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து தெளித்து வெற்றி கண்டிருந்தனர். செம்பு பூசணத்துக்கு நஞ்சு என்பது அதனால் தெளிவாயிற்று.

நிலையான தீர்வு வேறொரு திசையிலிருந்து வந்தது. 1941-இல் இங்கிலாந்தில் வின்ஃபீல்டு, டிக்சன் என்னும் இருவர் பாலியெஸ்டர் இழையைக் கண்டனர். பூசணத்துக்கு அது உணவாகாது. போருக்குப் பின் தீயணைப்புக் குழாய்களின் உறையில் பருத்தியின் இடத்தை இச்செயற்கை இழைகள் படிப்படியாகக் கைப்பற்றின. இவற்றைக் கோபுரத்தில் தொங்கவிட வேண்டிய கட்டாயம் இல்லை. மேலை நாடுகளில் பழைய கோபுரங்கள் பல இடிக்கப்பட்டன. சில, கயிற்றேற்றப் பயிற்சிக்குப் பயன்படுகின்றன. சில, கைப்பேசிக் கம்பங்களைச் சுமந்து நிற்கின்றன.

இனித் தோட்டத்துக்கு வருவோம். முன்னே சொன்ன குட்ரிச் தொழிற்சாலையில் 1926-இல் வால்டோ செமோன் என்னும் வேதியியலார், ரப்பரை உலோகத்தோடு ஒட்டவைக்கும் பசை ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார். எவருக்கும் பெரிதாகப் பயன்படாதிருந்த பாலிவினைல் குளோரைடு என்னும் கடினப் பொருளைச் சில கரைப்பான்களோடு சேர்த்துக் காய்ச்சியபோது, அது ரப்பர் போல வளைந்து கொடுத்தது. பி.வி.சி. என்று நாம் கடையில் கேட்டு வாங்கும் தோட்டக் குழாய்க்கு மூலம் அதுவே. பி.வி.சி.யைப் பூசணம் எளிதில் தின்னாது. ஆனால் அதனை வளையச் செய்யும் பொருட்டுச் சேர்க்கும் நெகிழ்வூட்டிகளுள் பலவற்றைத் தின்னும். குழாய் பழகப் பழக அந்நெகிழ்வூட்டி மெல்ல மேற்பரப்புக்குக் கசிகிறது. நீரில் கலந்துவரும் மண்ணும் மட்கும் உள்ளே படிகின்றன. இவற்றின்மேல் பாக்டீரியாக்களும் பூசணமும் சேர்ந்து வழுவழுப்பான படலமாகக் குடியேறுகின்றன. தோல் போயிற்று, நூல் போயிற்று, பருத்தி போயிற்று. பூசணம் மட்டும் போகவில்லை.

நான் தலைமையாசிரியராக இருந்த பள்ளியில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் தோட்டக் குழாய்க்கு வேலையே இராது. தை பிறந்து அதனை எடுத்துத் திறந்தால் முதலில் வருவது நீரன்று, கருஞ்சளி போன்ற ஒரு குழம்பு. மாணவர்கள் அதனைப் பாசி என்பார்கள். பாசி பச்சை நிறம். அது வளர வெளிச்சம் வேண்டும். ஒளி புகும் மெல்லிய குழாயில் பச்சை படர்வதும், ஒளி புகாத கருங்குழாயில் கறுப்பு மட்டும் படர்வதும் அதனாலேயே. இந்த வேறுபாட்டை விலங்கியல், தாவரவியல் பாட நூலில் படிப்பதைவிடக் குழாயை வெட்டிப் பார்த்து அறிந்த பிள்ளைகள் மறந்ததில்லை.

இப்படலத்தை வெறும் அழுக்கென்று தள்ளிவிடல் ஆகாது. 1976-ஆம் ஆண்டு ஜூலையில், அதே பிலடெல்பியா நகரில், முன்னாள் போர்வீரர்களின் மாநாட்டுக்கு வந்தவர்களைப் புதியதொரு நுரையீரல் நோய் தாக்கியது. 182 பேர் நோயுற்றனர். 29 பேர் மாண்டனர். சில மாதங்கள் தேடி, 1977 ஜனவரியில் அதற்குக் காரணமான பாக்டீரியாவைக் கண்டனர். லீஜியனெல்லா என்பது அதன் பெயர். அந்நோய் பரவியது தோட்டக் குழாயால் அன்று. கட்டடத்தின் குளிர்சாதன அமைப்பே ஐயத்துக்குள்ளாயிற்று. ஆனால் தேங்கிய வெதுவெதுப்பான நீரிலும், குழாயின் உட்படலத்திலும் அது வாழும். தோட்டக் குழாய்களிலும் அதனைக் கண்டிருக்கிறார்கள். வெயிலில் கிடந்த குழாயைத் திறந்தவுடன் வரும் முதல் நீரைச் சிறுவர் வாயில் ஏந்திக் குடிப்பதும், முகத்தில் பீய்ச்சி விளையாடுவதும் வேண்டா என்று நான் சொல்வது இதனால்தான். அந்த நீர் சிறிது நேரம் மண்ணில் ஓடிப் போகட்டும்.

பூசணம் பிடித்த குழாயைத் துலக்குவது கடினமன்று. வெண்ணிற வினிகரையும் நீரையும் சம அளவில் கலந்து உள்ளே நிரப்பி, இரு முனையையும் அடைத்து ஒரு மணி நேரம் வைத்திருந்து, பிறகு வேகமான நீரால் அலசலாம். அல்லது வீட்டில் ஆளும் சலவைத் திரவத்தை நீரில் சிறிதளவே கரைத்து அவ்வாறே செய்யலாம். இரண்டையும் ஒருபோதும் ஒன்றாகக் கலக்கலாகாது. நச்சுக் குளோரின் வாயு எழும். வெளிப்புறத்துக் கறையைச் சோப்பு நீரும் தேய்ப்பானும் போக்கிவிடும்.

வராமல் தடுப்பதற்கு வழி, கோபுரம் கட்டியவர்கள் செய்ததையே சிறிய அளவில் செய்வதாகும். நீர் பாய்ச்சி முடிந்ததும் தண்ணீரை நிறுத்தி, குழாயைக் குழாயடியிலிருந்து கழற்றி, ஒரு முனையைத் தோளளவு உயர்த்திப் பிடித்துக்கொண்டே மறுமுனை வரை நடந்தால் உள்ளிருக்கும் நீர் முழுவதும் வடிந்துவிடும். பிறகு மண்ணில் போடாமல் நிழலான சுவரில் அகன்ற வளையமாகத் தொங்கவிடலாம். ஆணியில் மாட்டினால் மடிந்த இடத்தில் நீர் தங்கும். பழைய வாளியோ சிறு சக்கரமோ சுவரில் பொருத்தி அதன்மேல் சுற்றுவது நன்று. தெளிக்கும் முனையையும் கழற்றி, அதனுள் இருக்கும் ரப்பர் வளையத்தைத் துடைத்துத் தனியே உலரவிட வேண்டும். அந்தச் சிறு வளையத்தின் அடியில் நிற்கும் இரண்டு துளி நீர் போதும், பூசணம் மீண்டும் குடியேற.